நாலு கடை, நாலு பேரு, ஒரே அடுப்பு

மூணு வாரமாக நான் தீசிஸ் எழுதிக்கொண்டிருப்பதாக என் கைடு நம்பிக்கொண்டிருக்கிறார். பாவம் மனுஷன். நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு எக்செல் ஷீட். பதினேழு வரிசை, பதினோரு பத்தி, அத்தனையும் பெல்லட் கிரில். நான் வாங்குவதற்கு இல்லை. காசும் என்னுடையது இல்லை. அதனால்தான் இத்தனை பாடு.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினில் நாங்கள் ஐந்து பேர் குடியிருப்பது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். எங்களுக்குள் பேசும்போது தாத்தா, பாட்டி என்றுதான் சொல்வோம். அசல் டெக்சாஸ்காரர்கள். தாத்தாவிடம் ஒரு ஆஃப்செட் ஸ்மோக்கர் இருக்கிறது. கறுப்பு இரும்புப் பீப்பாய், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு தீப்பெட்டி (விறகு எரியும் பெட்டி, பத்து பைசா தீப்பெட்டி இல்லை). மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு எழுந்து போஸ்ட் ஓக் விறகைப் பற்றவைப்பார். அரை மணிக்கு ஒருமுறை, முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு கட்டை. இப்படியே பன்னிரண்டு மணி நேரம். சாயங்காலம் பிரிஸ்கட் தயார். எங்களில் இரண்டு பேர் மாட்டுக்கறி தொடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்கென்று சோளமும் கோழியும் ஓரத்தில் போட ஆரம்பித்தார். சுத்த சைவமான கோயம்புத்தூர் பையனுக்குப் பன்னீர். புகை போட்ட பன்னீர் சாப்பிட்டதில்லை என்றால் நீங்கள் இன்னும் வாழவே ஆரம்பிக்கவில்லை :-)

இந்த ஜனவரியில் தாத்தாவுக்கு வலது தோளில் ஆபரேஷன். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, பத்து பவுண்டுக்கு மேல் எதையும் எடுக்கக் கூடாது. விறகுக் கட்டையும் போச்சு, இரும்பு மூடியும் போச்சு. இரண்டு மாதம் கொல்லையில் புகையே இல்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் ஸ்மோக்கருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் பாட்டி ஒரு உறையோடு பின்கட்டுக்கு வந்தார். உள்ளே 800 டாலர். கில்ட் போர்வை தைத்து விற்ற காசு. "இந்த மாதிரி சாமானெல்லாம் உங்களில் யாருக்கு நன்றாகப் பார்த்து வாங்கத் தெரியும்?" என்று கேட்டார். நாலு துரோகிகளும் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள். ரைஸ் குக்கர் வாங்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டவன் என்ற புகழ் எனக்கு உண்டு.

நம்ம காசு என்றால் தப்பாக வாங்கினாலும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இது அந்த மாதிரி இல்லையே.

பெல்லட் கிரில் பற்றித் தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் துண்டு போன்ற குச்சிகள்தான் பெல்லட். மாவு மில்லில் மேலே கோதுமை கொட்டுவோமே, அது மாதிரி ஒரு தொட்டி. அதிலிருந்து ஆகர் என்கிற சுழலும் திருகு குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் அடியில் இருக்கும் சின்ன நெருப்புச் சட்டியில் போடும். அங்கே ஒரு சூட்டுக் கம்பி பற்றவைக்கும், ஒரு விசிறி ஊதும். 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துவிட்டால் எவ்வளவு குச்சி போடுவது என்பதை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். கட்டை போடும் வேலை இல்லை, விடியற்காலையும் இல்லை. தாத்தாவின் ஒருவரித் தீர்ப்பு: "அது கொல்லையில் வைக்கிற அவன்." அதில் நியாயமும் இருக்கிறது. பெல்லட் ரொம்ப சுத்தமாக எரிவதால் விறகு அளவுக்குப் புகைமணம் ஏறாது.

ஓரெகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சின்ன ஊரில் ஜோ டிரேகர் 1980களில் இதை உருவாக்கினார். 1986-ல் காப்புரிமை. அது 2006-ல் காலாவதியானதும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். என் எக்செல் ஷீட்டுக்குப் பதினேழு வரிசை வந்தது அப்படித்தான்.

சரி, கடைக்குப் போவோம்.

முதல் சனிக்கிழமை நானும் கோயம்புத்தூர் பையனும் அவன் ஓட்டைக் காரில் நாலு பெரிய கடை ஏறி இறங்கினோம். வால்மார்ட்டில் பிட் பாஸ் கம்பெனியின் ஆஸ்டின் எக்ஸ்எல், லெக்சிங்டன் (ஆஸ்டினில் இருந்துகொண்டு ஆஸ்டின் வாங்காவிட்டால் எப்படி மச்சி என்றான் இவன்). லோஸ் கடைக்கென்று அதே பிட் பாஸ் செய்து தருவது ப்ரோ சீரிஸ். ஹோம் டிப்போவில் டிரேகர் ப்ரோ. காஸ்ட்கோவுக்கென்று டிரேகர் செய்து கொடுத்தவற்றுக்கு சில்வர்டன், செஞ்சுரி என்று தனிப் பெயர்கள். சில்வர்டன் என்பது மவுண்ட் ஏஞ்சலுக்குப் பக்கத்து ஊர். இதைக் கண்டுபிடித்ததில் ஒரு மதியம் போனது, எதற்கும் உதவவில்லை.

ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) விற்பனையாளரிடம், "பக்கத்துக் கடையில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே?" என்று கேட்டேன். "ஒன்றேதான், பெயர் மட்டும் வேறு" என்றார். அப்படியானால் அந்த விலைக்குத் தருவீர்களா என்றேன். "இல்லை இல்லை, அது வேறு மாடல் ஆச்சே" என்றார். இரண்டு பதிலுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை மனுஷன். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது, அந்த ஆள் தன்னையறியாமல் முழு ரகசியத்தையும் சொல்லியிருக்கிறார். இங்கே பெரிய கடைகள் பல, வேறு கடையில் விலை குறைவாக இருந்தால் அதே விலைக்குத் தருகிறோம் என்று சொல்லும். அடியில் ஒரு வரி இருக்கும்: மாடல் எண் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு எண் என்றால் அந்த வாக்குறுதியை யாரும் பயன்படுத்தவே முடியாது. மெத்தை வாங்கப் போனவர்களுக்கு இது பழைய கதை.

மார்க்கெட்டிங் கோர்ஸ் ஒன்றில் தூங்கிக்கொண்டே படித்த ஒரு கட்டுரை அப்போது ஞாபகம் வந்தது. பெர்கன், தத்தா, ஷூகன் என்ற மூவர் 1996-ல் எழுதியது. ஒரே பிராண்டின் சரக்கைக் கடைக்குக் கடை கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால், நாம் ஒப்பிடுவது கஷ்டமாகிறது, கடைகளுக்குள் விலைப் போட்டி குறைகிறது. அதனாலேயே அதிகக் கடைகள் அந்த பிராண்டை வைக்கின்றன, சேவையும் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். அதாவது நம்மைக் குழப்புவதில் நமக்கும் கொஞ்சம் லாபம் உண்டாம். மூணு வாரம் தொலைத்தவனிடம் இதைச் சொல்லக் கூடாது.

ஆனால் எல்லாமே வெறும் பெயர் மாற்றம் என்று நினைத்தாலும் தப்பு. அதுதான் இதில் மோசம். ஒவ்வொன்றின் பயனர் கையேட்டையும் இறக்கி, பாகங்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் ஓரத்தில் ஒரு தட்டு, அடியில் ஒரு கதவு, இவ்வளவுதான் வித்தியாசம். சிலவற்றில் கன்ட்ரோலரே வேறு. டிரேகரிலேயே ப்ரோ 22, ப்ரோ 575 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கீழ்த்தட்டு 418 சதுர அங்குலம்தான், தொட்டியும் 18 பவுண்டுதான். ஒன்றின் பெயரில் இருப்பது தட்டின் அகலம், இன்னொன்றில் மேல்தட்டையும் சேர்த்த மொத்தப் பரப்பு. எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு எலியும் யானையும் மாதிரித் தெரியும். நிஜமான வித்தியாசம் மோட்டாரிலும் கன்ட்ரோலரிலும் இருக்கிறது: 575-ல் வைஃபை உண்டு, போனிலேயே சூடு பார்க்கலாம். பிட் பாஸிலும் இதே கதைதான், ஆஸ்டின் எக்ஸ்எல்லில் திருகும் டயல், லோஸ் ப்ரோ சீரிஸில் பிஐடி கன்ட்ரோலரும் வைஃபையும். பிஐடி என்றால் சூடு ஏறி இறங்கும் போக்கைக் கணக்குப் போட்டு அதற்கேற்பக் குச்சி போடுவது. பழைய வகை இத்தனை நொடி ஓடு, இத்தனை நொடி நில் என்று கடிகாரம் பார்த்துப் போடும்.

சதுர அங்குலம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆயிரம் என்று அட்டையில் எழுதியிருந்தால் அதில் மேல்தட்டும் சேர்த்தி. முழு பிரிஸ்கட்டை மேல்தட்டில் வைக்க முடியாது, தலை இடிக்கும். கீழ்த்தட்டின் அளவைக் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்து மார்க் போட்டு முடித்தபோது காஸ்ட்கோ முதலிடத்தில் இருந்தது. காரணம் கிரில் இல்லை, திருப்பிக் கொடுக்கும் வசதி. பெரும்பாலான சாமான்களுக்கு அங்கே நாள் கணக்கே கிடையாது. பெருமையோடு பாட்டியிடம் போய்ச் சொன்னேன். பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "மே மாதம் நீங்கள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். அதற்கப்புறம் அதை யார் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பது?"

நூறு பவுண்டுக்கு மேல் எடை. பாட்டிக்கு இருப்பது ஒரு சின்ன கார். பதினோரு பத்தியில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

அன்று ராத்திரி ஷீட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடைகளை ஒப்பிட்டேன், கம்பெனிகளை ஒப்பிட்டேன், தாத்தாவின் தோளை எங்குமே எழுதவில்லை. மறுநாள் லேபில் கூட வேலை செய்யும் ஒருவன் வீட்டுக்குப் போனேன். அவனிடம் ஒரு பெல்லட் கிரில் உண்டு. "சாம்பல் அள்ளிக் காட்டு" என்றேன். கம்பித்தட்டை எடுத்தான், கீழே எண்ணெய் வடியும் பெரிய தகட்டை எடுத்தான், அதற்கும் கீழே சூட்டைப் பரப்பும் தகட்டை எடுத்தான், பிறகு குனிந்து வாக்குவம் போட்டு நெருப்புச் சட்டியை உறிஞ்சினான். இதைச் செய்யாமல் விட்டால் சட்டியில் சாம்பல் நிறைந்து தீ அணைந்துபோகும். அப்படியே திரும்பப் பற்றவைத்தால் தேங்கிய குச்சியெல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இது விடக்கூடிய வேலை இல்லை.

"நான் செய்கிறேன்" என்று வலது கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் முயன்றேன். கம்பித்தட்டு வந்துவிட்டது. எண்ணெய்த் தகடு பாதியில் சாய்ந்து என் பேன்ட்டெல்லாம் கோழிக்கொழுப்பு. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு தேடியது ஒன்றே ஒன்றுதான்: தட்டைக் கழற்றாமல் சாம்பல் எடுக்க வழி உண்டா? உண்டு. கேம்ப் செஃப் என்ற யூட்டா கம்பெனியின் பல மாடல்களில் நெருப்புச் சட்டிக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்தால் சட்டியின் அடிப்பாகம் திறந்து சாம்பல் கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் விழும். ஒரு கை போதும். என் ஷீட்டில் இது பதினாலாவது வரிசையில், எந்தப் பெரிய கடைக்கும் சொந்தமில்லை என்ற குற்றத்துக்காக மார்க் குறைந்து கிடந்தது. எந்தக் கடைக்கும் சொந்தமில்லை என்பதால் இரண்டு கடையில் ஒரே மாடல் எண். ஒன்றில் விலை கொஞ்சம் குறைவு. வீட்டுக்குப் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரரிடம் காட்டினேன், மறுபேச்சில்லாமல் அதே விலை போட்டார். பூட்டிக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தும் கொடுத்தார். உறையில் மிச்சம் இருந்ததில் நாலு மூட்டை பெல்லட் வாங்கினோம். ஒவ்வொன்றும் இருபது பவுண்டு, தாத்தா தூக்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்து மூடி போட்ட இரண்டு பக்கெட்டில் கொட்டி, ஒரு அரிசிப் படி மாதிரி டப்பாவும் போட்டு வைத்திருக்கிறோம். பெல்லட்டில் ஈரம் பட்டால் ஊதிப்போய் ஆகரில் சிக்கிக்கொள்ளும், அதனால் பக்கெட் வராந்தாவுக்குள்.

தாத்தா கிரில்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார். குமிழை இடது கையால் இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பழைய ஆஃப்செட்டை யாரும் விற்கக் கூடாது, தோள் சரியானதும் வேண்டியிருக்கும்.

வரும் சனிக்கிழமை முதல் பிரிஸ்கட். நாற்காலி இப்போது கிரில்லைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எப்படி வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். கைடு இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்.