ஆசாரத்தில் ஒரு குரலுக்கு இடம்

கூடத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவோரிடம் 'ஒலியே முதன்மை, தோற்றம் இரண்டாம்பட்சம்' என்று சொல்வது வழக்கம். ஒலியியல் படித்ததால் நானும் அதையே சொல்வேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். எனக்கோ அதில் உடன்பாடில்லை.

கோபாலபுரத்தில், பாலக்காடு மாவட்டத்துக்குள் பொள்ளாச்சிச் சாலை நுழையும் இடத்தை ஒட்டியது எங்கள் வீடு. கூடத்தை ஆசாரம் என்போம். அங்கே ஒலிக்க வேண்டியது பாட்டு அன்று. மறைந்த என் அம்மிச்சியின் பேச்சு. கள ஆய்வுக்காக நான் பதிவுசெய்தது.

கைப்பேசியில் அப்பதிவைக் கேட்டால் சொற்கள் இருக்கின்றன, அம்மிச்சி இல்லை. முதிய பெண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 200 ஹெர்ட்சு. கைப்பேசியின் சிறு ஒலிப்பான் அங்கே வலுவிழந்துவிடுகிறது. சுருதியை மேலொலிகளிலிருந்து செவி ஊகித்துக்கொள்ளும். குரலின் கனத்தை ஊகிக்க இயலாது. அடியொலியைத் தூக்கிக் காட்டும் பெரிய பெட்டிகளிலோ கனம் மிகுந்து மெய்யெழுத்துகள் மங்குகின்றன. தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் நாராயணன், பேர்ட், கான் ஆகியோர் காந்த அதிர்வுப் படிமங்களின் துணையுடன் ஆராய்ந்து 1999-இல் எழுதினர். நாவின் வடிவில் அமைந்த அந்நுண்வேறுபாடுகளைச் செவிக்குச் சேர்க்காத பெட்டி எங்களுக்குப் பயன்படாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள். 1970களின் தொடக்கத்தில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகள் போன்ற குறுகிய இடங்களுக்காக பி.பி.சி. பொறியாளர்கள் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ, சுமார் 30 செ.மீ. உயரமே உடையது. ஒலிபெருக்கிகளை மதிப்பிட அவர்கள் நம்பிய சான்றுகளுள் ஒன்று மனிதப் பேச்சு. பழகிய குரலில் பிழை நேர்ந்தால் செவி உடனே கண்டுகொள்ளும்.

இனி, தோற்றம். கண்ணுக்குப் பிடிக்காத பொருள் கூடத்தில் நிலைப்பதில்லை. முதல் வாரம் மேசைமேல். அடுத்த வாரம் மூலையில். பிறகு அலமாரிக்குள், மேலே ஒரு துணியோடு. மூலைச் சுவர்கள் அடியொலியைப் பல டெசிபல் உயர்த்திவிடும்; துணி மேலொலியை விழுங்கும். எத்தனை நுட்பமான கருவியும் அங்கே வீண். ஒலிபெருக்கி தனக்குரிய இடத்தில் நிற்க வேண்டுமானால், அவ்விடத்தில் அது நிற்பதை வீட்டார் விரும்ப வேண்டும். அழகு ஒலியின் எதிரி அன்று, அதன் முன்நிபந்தனை.

ஆகவே தேர்வை அம்மாவிடம் விட்டேன். பளபளக்கும் கறுப்புப் பெட்டியில் தூசி தெரியும் என்று ஒதுக்கிவிட்டு, பழைய பீரோவுக்கு இணையான தேக்கு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். நான் கேட்டவை மூன்றே: சுவரிலிருந்து இரண்டு சாண் இடைவெளி, அமர்ந்தவரின் காதுமட்ட உயரம், எதிரொலியைத் தணிக்கத் தரையில் ஒரு பாய். மூன்றும் இன்றுவரை மாறவில்லை.

வாங்கச் செல்வோர் பாட்டோடு, நன்கு அறிந்த ஒருவரின் பேச்சையும் கொண்டுசெல்லுங்கள். எங்கள் ஆசாரத்தில் அம்மிச்சி கதை சொல்லும்போது, வேலைக்கு நடுவே அம்மா தம்மையறியாமல் 'உம்' கொட்டுகிறார். கைப்பேசியில் கேட்டபோது ஒருமுறையும் கொட்டியதில்லை.