இருட்டு எங்கே ஏறியது?

ஜூலை 21, செம்மேடு

காரவள்ளியைத் தாண்டியதுமே தூறல் பிடித்துக்கொண்டது. 70 கொண்டை ஊசி வளைவுக்கும் கேமரா பையை மடியை விட்டு இறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஹை8-க்கு ஒன்று, மினிடிவிக்கு ஒன்று என்று பழைய கேம்கார்டர்களைக் கொல்லிமலைக்குக் கொண்டுவருவது உசிதமல்ல. ஈரம் படிந்த ஹெட் டிரம்மில் நாடா ஒட்டிக்கொண்டால் படம் போய்விடும், நாடாவும் போய்விடும். ஆனால் வேறு வழியில்லை. கணினிக்கு மாற்ற வேண்டிய தன் வீடியோ கேசட்டுகளை இனி மலையிறக்கப் போவதில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் ஒரு ஹை8 ஹேண்டிகேம், பிறகு மினிடிவி என்கிற சின்ன டிஜிட்டல் கேசட் போடும் கேமரா என்று வாங்கி, ஊர் ஊராகப் படம் எடுத்திருக்கிறார். சாமை அறுப்பு, தினைக் கதிர் அடிப்பு, அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம், ஆடி 17, 18-ல் நடக்கும் வல்வில் ஓரி விழா. இரண்டு கேமராவும் பழுதாகிக் கிடக்கின்றன. சில கேசட்டுகளை முன்பு கீழே ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருக்கிறார். அதைப் போட்டுக் காட்டினார்.

“பாருங்க தம்பி, பட்டப்பகல்ல எடுத்தது. அமாவாச மாதிரி இருக்குது.”

இருந்தது. களத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. அதே கேசட்டை என் ஹை8 கேமராவில் போட்டு, பக்கவாட்டுத் திரையைத் திறந்தேன். நல்ல வெளிச்சம். அந்தச் சின்னத் திரையை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் பின்விளக்கைக் கூட்டி வைத்திருந்தால் மங்கலான படமும் பளிச்சென்று தெரியும். வீட்டில் பழைய டியூப் தொலைக்காட்சி ஒன்று இன்னும் ஓடுகிறது. கேமராவிலிருந்து மஞ்சள் பின்னை நேராக அதில் செருகினேன். வெயில் அடித்தது. வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

ஆக, நாடாவில் குறையில்லை. இருட்டு வழியில் ஏறியிருக்கிறது.

ஜூலை 22

காலையில் மினிடிவி கேமரா ‘சி:21’ காட்டி நின்றுவிட்டது. உள்ளே ஈரம் என்ற எச்சரிக்கை. கேசட்டை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்தேன். அடுப்புப் பக்கம் வைக்கலாமா என்று வாத்தியாரின் மகள் கேட்டார். வேண்டாம் அக்கா, திடீர்ச் சூடும் கெடுதல்தான் என்றேன்.

பிறகு மினிடிவி கேசட்டுகள். இவற்றுக்கு ஃபயர்வயர் கேபிள்தான் சரி. சோனிக்காரர்கள் ஐ-லிங்க் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். நாடாவிலேயே படம் எண்களாகத்தான் பதிந்திருக்கிறது. ஃபயர்வயர் அந்த எண்களை அப்படியே கணினிக்குள் இறக்குகிறது, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலையே அல்ல. இப்படி எடுத்த கோப்பு இருட்டாகத் தெரிந்தால் இரண்டே காரணம்தான்: படமே இருட்டில் எடுத்தது, அல்லது கணினி அதைத் தப்பாகக் காட்டுகிறது.

இன்று இரண்டாவது. பலாமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி. ஒரு பிளேயரில் மர நிழல் முழுவதும் கருப்பாக அடைத்துக்கொண்டது, இன்னொரு பிளேயரில் நிழலுக்குள் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. ஒரே கோப்புதான். வீடியோவில் கருப்பு என்பது 0 அல்ல, 16. வெள்ளை 255 அல்ல, 235. கணினித் திரையோ 0 முதல் 255 வரை காட்டுவது. அதனால் படத்தை ஒருமுறை இழுத்து விரிக்க வேண்டும். பிளேயர் ஒருமுறை விரித்து, கிராபிக்ஸ் கார்டு தன் பங்குக்கு இன்னொருமுறை விரித்தால், நிழலில் இருப்பதெல்லாம் கருப்புக்குள் விழுந்துவிடும். பல லேப்டாப்களில் வீடியோவுக்கென்று தனியாக ஒளி, காண்ட்ராஸ்ட், காமா அமைப்புகள் இருக்கும். இரண்டாம் கையாக வாங்கிய இந்த லேப்டாப்பில் யாரோ அதைத் திருகி வைத்திருந்தார்கள். பழைய நிலைக்குத் திருப்பினேன். கோப்பைத் தொடவே இல்லை.

இது தெரியாமல் கோப்பையே வெளுக்கவைத்துச் சேமித்திருந்தால் நல்ல படம் நிரந்தரமாகக் கெட்டிருக்கும். நிறைய வீடுகளில் கல்யாண வீடியோக்கள் இப்படிக் கெட்டிருக்கின்றன என்பதே என் வருத்தம்.

ஜூலை 24

ஹை8 கேசட்டுகள். இதுதான் கடினமான பகுதி. இவை அனலாக், கேமரா அனுப்புவது மின்னழுத்தம். அதை அளந்து எண்ணாக்குவது நடுவில் இருக்கும் யுஎஸ்பி கேப்சர் டாங்கிள். அளவுகோல் தப்பினால் எல்லாம் தப்பும்.

கடைக்காரர் தந்த டிவிடியை மறுபடி ஓட்டினேன். இந்த முறை நிழலைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்தேன். வெயிலில் நிற்கிற பெரியவரின் வெள்ளை வேட்டி. பலாமரக் காட்சியில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, நிழல் மட்டும்தான் அடைத்தது. இதில் வேட்டியே சாம்பல் நிறம். அளந்து பார்த்தால் 235-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது 160-ஐ ஒட்டி நிற்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வரும் என்று தெரியும். வீடியோ சிக்னல் உச்சிக்கு உச்சி 1 வோல்ட். ‘பால்’ (PAL) வீடியோ முறையில் அதில் 0.3 வோல்ட் ஒத்திசைவுக்கு, 0.7 வோல்ட் படத்துக்கு. கேமரா 75 ஓம், வாங்கும் கருவியும் 75 ஓம்; இரண்டும் பொருந்தினால்தான் அந்த 1 வோல்ட் நிற்கும். பதிவு ஆகும்போதே தொலைக்காட்சியிலும் பார்க்கலாம் என்று ஒரு ஒய்-கேபிள் போட்டுச் சிக்னலை இரண்டாகப் பிரித்தால், வாங்குபவர் இருவராகி, சுமை 37.5 ஓம் ஆகிவிடும். சிக்னல் மூன்றில் இரண்டாக இறங்கும். ஒத்திசைவின் உயரத்தை அளந்து இந்த இழப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் கேப்சர் சிப்புகள் உண்டு. எல்லாச் சிப்பும் அப்படியல்ல.

வாத்தியாரிடம் கேட்டேன். “அந்தக் கடையில ஓடும்போது பெட்டியிலயும் படம் தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது. நான்தான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன்.”

நிச்சயம் செய்துகொள்ள இங்கேயே செய்து பார்த்தேன். ஒய்-கேபிளைப் போட்டதும் வேட்டி சாம்பல், கழற்றியதும் வேட்டி வெள்ளை. வாத்தியாரின் பேரன் தானும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டான்.

பிரிப்பு இல்லாமலும் டாங்கிள் கொஞ்சம் மங்கல்தான். அதன் டிரைவரிலேயே ஒளியும் காண்ட்ராஸ்டும் இருக்கின்றன. ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, வேட்டி 235-க்குச் சற்றுக் கீழேயும் கரிபிடித்த பானை 16-க்குச் சற்று மேலேயும் நிற்கும்படி நகர்த்தினேன். இதைப் பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். பதிவில் கருப்போடு ஒட்டிப்போன விவரத்தை எந்த மென்பொருளும் பிறகு பிரித்துத் தராது.

மாலையில் அந்தக் கதிரடிப்புக் காட்சியை முழுதாகப் பார்த்தோம். செந்தினைக் கதிரின் சிவப்பு இப்போது தெரிகிறது. டிவிடியில் அது வெறும் பழுப்பு. கேமராவுக்குப் பின்னாலிருந்து வாத்தியார் கேட்கிறார், ஒரு பெரியவர் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று பெயர் சொல்லிக்கொண்டே கையில் எடுத்துக் காட்டுகிறார். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மேட்டு நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்ட பிறகு இவற்றில் பல விதைகள் அருகிவிட்டன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்க வேலை செய்துவருகிறது. விதையின் நிறம் இன்னதென்று காட்டும் ஒரு படம், நிறம் தெரியாமல் போனால் என்ன பயன்? ஒரு கேபிளால் அது போகப் பார்த்தது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 25

இன்று ஓட்டிய கேசட்டில் ஒரு பகுதி எந்த வழியில் பார்த்தாலும் இருட்டு. கேமராத் திரையிலும், டியூப் பெட்டியிலும், கணினியிலும். கூரை வீட்டுக்குள் ஆயா ஒருவர் அடுப்பு ஊதுகிறார். அடுப்புத் தீ, ஆயாவின் கைவளையல், புகை. அவ்வளவுதான் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசலில் வந்து நிற்கும்போது உருவம் முழுக்கக் கருப்பு. வெளி வெளிச்சத்தை அளந்துகொண்ட கேமரா ஆளை விட்டுவிட்டது. பேக்லைட் பட்டனை அழுத்தியிருந்தால் முகம் வந்திருக்கும்.

“இதையும் வெளிச்சமாக்கிக் குடுங்க தம்பி, எங்க ஆயா அது” என்றார் அக்கா.

பார்க்க ஒரு நகல் எடுத்து, அதில் வாசல் காட்சியைத் தூக்கிக் கொடுத்தேன். புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறினாலும் மூக்குத்தி தெரிந்தது. அக்கா நெடுநேரம் பார்த்தார். ஆனால் வீட்டுக்குள்ளே எடுத்ததை மூலத்தில் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் அப்போது கரண்ட் இல்லை என்று வாத்தியார் சொன்னார். அடுப்பு வெளிச்சத்தில்தான் அந்த வீட்டில் சோறு பொங்கியது, பிள்ளைகள் படித்தார்கள். இந்த இருட்டு கேபிளில் ஏறியதல்ல, வீட்டில் இருந்தது. அதை அழித்தால் அந்த வீட்டைப் பற்றிப் பொய் சொன்னதாகும்.

அக்காவுக்கு இது முழுச் சம்மதமில்லை. இரண்டு கோப்பும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

ஜூலை 27

மினிடிவி கேசட்டுகள் முடிந்தன. இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல். ஒன்று இங்கே, ஒன்று நாமக்கல்லில் பேரன் தங்கியிருக்கும் வீட்டில். எந்தக் கேசட், எப்படி எடுத்தது, எந்த அமைப்பில் இறக்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன்.

அவசரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025-ஐக் கெடுவாகச் சொல்லி 2015-லேயே எச்சரித்தது. நாடா கெடுவதோடு, ஓட்டும் கருவியும் அதைப் பழுதுபார்க்கிற கையும் அருகிப்போகும் என்பதால். 2025-ல் வந்த மேக் இயங்குதளம் ஃபயர்வயருக்கான ஆதரவையே எடுத்துவிட்டது. என் பழைய லேப்டாப்பை மாற்றாமல் வைத்திருப்பது இப்படிப்பட்ட மாற்றங்களால்தான்.

ஹை8-ல் பாதி பாக்கி. டாங்கிளில் எடுத்ததைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சோனி 1999-ல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் பல, பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி, உள்ளேயே எண்ணாக்கி ஃபயர்வயரில் அனுப்பிவிடும். நடுவில் டாங்கிளே வேண்டாம். ராசிபுரத்திலும் சேலத்திலும் பழைய கல்யாண வீடியோக்காரர்கள் சிலர் வீட்டுப் பரணில் ஒன்றாவது இருக்கும் என்று நம்புகிறேன். நாளை இறங்கியதும் விசாரிக்க வேண்டும். ஓரி விழாவுக்கு முன் கிடைத்தால், அந்தக் கையோடு மறுபடி மலையேறிவிடலாம்.