புட்டுத்தோப்பில் அடிவாங்கிய நாயகன்

2013-இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் சூப்பர்மேன் சிரிப்பதே அபூர்வம். அந்த இறுக்கம் ரசிகர்களுக்கு அலுத்துப்போக, 2017-இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்துக்கு இன்னோர் இயக்குநர் வந்து நகைச்சுவை வசனங்களைச் சேர்த்தார். அவை ஒட்டவே இல்லை. 2025 ஜூலையில் ஜேம்ஸ் கன் அதே நாயகனை முதலிலிருந்து தொடங்கினார். அடிபட்டுப் பனியில் கிடக்கும் சூப்பர்மேன் சீட்டியடித்துக் கூப்பிடுகிறான். ஓடிவரும் அவன் பராமரிக்கும் நாய், காயம் என்றும் பாராமல் மேலே ஏறிக் குதிக்கிறது. அந்த ஓர் இடத்திலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட நாயகன் பழக்கமானவன். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வரவேண்டும் என்பது அரிமர்த்தன பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு யாருமில்லை. அவளுக்காகக் கூலியாளாய் வந்து நிற்கிறார் சிவனாகிய சொக்கநாதர். உதிர்ந்த பிட்டு மட்டும் கூலி என்று பேச்சு. அன்றைக்கென்று அவித்ததெல்லாம் உதிர்ந்தே போகிறது. வயிறு முட்டத் தின்கிறார், ஆடுகிறார், பாடுகிறார், பேருக்குக் கொஞ்சம் மண்ணைக் கொட்டிவிட்டுப் படுத்துத் தூங்குகிறார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. பாண்டியன் பிரம்பை ஓங்குகிறான்; அந்த அடி அவன் முதுகு உட்பட எல்லா உயிர் மீதும் விழுகிறது.

இந்தக் கதையிலிருந்து சிரிப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அற்புதம் மட்டுமே. தின்றுவிட்டுத் தூங்கியவரிடம் நமக்கு முதலிலேயே பிரியம் வந்துவிடுவதால்தான் பிரம்படி நமக்கும் வலிக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மதுரைப் புட்டுத்தோப்பில் சுவாமி மண் சுமக்கிறார். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூர் மாணிக்கவாசகரும் அதற்கென்றே வந்து சேர்கிறார்கள். முடிவு தெரிந்த கதைக்கு வருஷா வருஷம் அப்படியொரு கூட்டம்!

இதே மண்ணின் இன்னொரு கதையை ஏ.பி.நாகராஜன் இரண்டு முறை திரைக்குக் கொண்டுவந்தார். 1956-இல் ‘நான் பெற்ற செல்வம்’ படத்துக்குள்ளேயே தருமி வந்துபோனார். 1965-இல் ‘திருவிளையாடல்’ எடுத்தபோது அந்த வேடத்துக்கு நாகேஷ் வந்தார். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் வரும் தருமி, தாய் தந்தையை இழந்தவன். கல்யாணத்துக்குப் பொருள் வேண்டி உருகி, பரிசுக்காக இறைவன் எழுதித்தந்த பாட்டைச் சபைக்குக் கொண்டுபோகிறவன். நாகேஷ் அந்த ஏழ்மையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தே சிரிப்பை எடுத்தார். கோயில் மண்டபத்தில் தனக்குத் தானே புலம்பிக்கொண்டு நடக்கிற அந்த நடையைப் பாருங்கள்: முதுகு வளைந்து, கைகள் எதையும் பிடிக்க முடியாமல் அலைகின்றன. சபையில் அந்தப் பாட்டில் குற்றம் என்று நக்கீரர் சொன்னதும், குற்றம் எவ்வளவோ அவ்வளவைப் பரிசில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறார். பசித்தவனின் கணக்கு அது. அரங்கமே வெடித்துச் சிரிக்கும். ஒருவரும் அவரை இளப்பமாக நினைப்பதில்லை.

சிவாஜி கணேசனின் சிவன் இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ‘ஜஸ்டிஸ் லீக்’கில் சேர்த்த வசனங்களைப் பிடுங்கிப்போட்டாலும் கதை அதன் பாட்டுக்கு ஓடும். இங்கே அது நடக்காது. தருமி அவமானப்பட்டுத் திரும்பி வந்து அழுத பிறகுதான் இறைவன் சபைக்கே புறப்படுகிறார். நாகராஜனே நடித்த நக்கீரருக்கு எதிரே நெற்றிக்கண் திறப்பது அதற்கும் பிறகு.