தாத்தா போடாத கையெழுத்து

போன மாசம் பொண்டாட்டி, கைக்குழந்தையோட சென்னையிலேர்ந்து ஈசிஆர் வழியா ஊருக்குப் போனேன். மரக்காணம் உப்பளம் தாண்டி கனகசெட்டிகுளம் வந்தா புதுச்சேரி. காலாப்பட்டு முடிஞ்சதும் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பம் தாண்டினா திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் கிழிச்ச கோடு. இப்ப பிராந்திக் கடை போர்டைப் பாத்தாதான் தெரியுது :-)

எங்க வீடு காலாப்பட்டு. அங்க ஆயாகிட்ட ஒரு சேதி சொன்னேன். பெர்லின்ல ஒரு கம்பெனி எனக்கு வேலை குடுத்திருக்கு, விசாவுக்குக் காத்திருக்கேன்னு. ஆயா சிரிச்சுது. "சின்னவர் பேத்தி போன வாரமே அங்க போயிட்டாளாமே?"

ஆமா. சின்னத்தாத்தா குடும்பம் 'சொல்தா' குடும்பம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர். பேத்திக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். பாரீஸ்ல ரயில் ஏறி பெர்லின்ல இறங்கினா, விசாவே வேணாம்.

கதை இதான். 1954 அக்டோபர் 18, கீழூர்ல மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேர 170, வேணாம்னு 8. நவம்பர் 1 நிர்வாகம் கைமாறிச்சு. 1956 மே 28 ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஆனா அது அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-லதான். சந்திரநாகூர்ல 1949-ல ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டாங்க, இங்க அது இல்ல. இருந்தாலும் இணைஞ்சது சரின்னுதான் சொல்வேன். எவனோட காலனியாவோ இருக்கணும்னு யாரு ஆசைப்படுவா?

எனக்கு இடிக்கறது வேற. இங்க பொறந்து இங்க குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைங்க எல்லாரும் அன்னிக்கு இந்தியர் ஆயிட்டாங்க. வேணாம்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். கல்யாணமாகாத, 18 வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைங்களுக்கும் அப்பா எழுதறதுதான். சின்னத்தாத்தா எழுதினார். எங்க தாத்தா எழுதலை. எங்கப்பாவுக்கு அப்ப வயசு 5. அவர் பெரியவர் ஆனப்ப யாரும் திரும்பக் கேக்கலை.

1962-ல ஐரோப்பிய ஒன்றியத்தைப் பத்தி ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்? 1993-ல மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப, அந்தப் பழைய கையெழுத்துக்கு வட்டி மாதிரி ஐரோப்பியக் குடியுரிமையும் சேர்ந்துடுச்சு. 2004-ல போலந்து உட்பட 10 நாடு அந்த ஒன்றியத்துல சேர்ந்தப்பவும் ஓர வஞ்சனை நடந்துச்சு. ஜெர்மனி போலந்துக்காரங்களுக்கு வேலைக் கதவை முழுசாத் திறந்தது 2011 மே மாசம்தான். அன்னிக்கு 25 வயசுல இருந்தவனுக்கு ஏழு வருஷம் போச்சு. ஆனா அதுக்கு ஒரு முடிவுத் தேதியாவது இருந்துச்சு.

மறுநாள் ஆரோவில் போனோம். 1968 பிப்ரவரி 28-ல 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில போட்டாங்க. மண்ணு தாராளமாக் கலந்துடுச்சு, மனுஷனுக்குத்தான் இன்னும் விசா கேக்கறாங்க (அங்க இருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கும்தான்).

திரும்பி வந்து ஆயாகிட்ட கேட்டேன், தாத்தா ஏன் எழுதலைன்னு. ரொம்ப வருஷமா மனசுல இருந்த கோபம் குரல்லயும் வந்துடுச்சு.

"கையெழுத்துப் போட்டா நிலம் போயிடும்னு யாரோ சொன்னாங்கடா. உங்கப்பனுக்கு அந்த நிலம் வேணும்னுதான் போடலை."

அந்த நிலத்தை வித்துத்தான் அப்பா என்னை இஞ்சினியரிங் படிக்க வெச்சார். நான் ஒண்ணும் பேசலை.

பெர்லின்லயே தங்கி ஜெர்மன் குடியுரிமை வாங்கினா இந்தியக் குடியுரிமை போயிடும், இங்க ரெட்டைக் குடியுரிமை கிடையாது. நம்ம 1955 சட்டத்துல ஒரு நல்ல விஷயம், பெத்தவங்க குடியுரிமையைத் துறந்தா மைனர் பிள்ளைக்கும் போயிடும், ஆனா மேஜர் ஆனதும் ஒரு வருஷத்துக்குள்ள பிள்ளை எழுதிக் குடுத்துத் திரும்ப வாங்கலாம். கீழூர் பசங்களுக்கும் காலாப்பட்டு பசங்களுக்கும் இப்படி ஒரு வருஷம் குடுத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பெனிக்கு பதில் சொல்லணும். குடும்பத்தார் விவரம்னு ஒரு பாரம் வந்திருக்கு. பாப்பா பேரை எழுதிட்டேன், கீழ கையெழுத்து மட்டும் இன்னும் போடலை.