4,379-ம் ஒரு தூக்கமும்

தேர்தல் முடிவைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய டெல்லிக்கெல்லாம் போக வேண்டாம். எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடை போதும்.

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. டீக்கடை டி.வி. முன்னால் நாலு ரகம் ஆசாமிகள். முதல் ரகம், 'நான் அப்பவே சொன்னேனே!' எது நடந்தாலும் அவர் அப்போதே சொன்னதுதான். யாரிடம் சொன்னார் என்று மட்டும் கேட்கக் கூடாது. இரண்டாவது, 'மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க சார்!' காலையில் தன் ஆள் முந்தியபோது அவருக்கு மெஷின் மேல் முழு நம்பிக்கை. பதினோரு மணிக்கு நிலவரம் மாறியதும் நம்பிக்கையும் காலி. மூன்றாவது, 'ஜனங்களுக்குப் புத்தி இல்லை!' இவர் ஜனங்களில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

நாலாவது ரகம் அடியேன். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு சதவீதம் போடுகிறவன். பி.காம். படித்த தோஷம்!

நீங்களே பாருங்கள். 2019-ல் பி.ஜே.பி.க்கு நாடு முழுக்க 37.4 சதவீத ஓட்டு, 303 சீட். 2024-ல் 36.6 சதவீதம், 240 சீட். ஓட்டில் குறைந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. சீட்டில் குறைந்தது 63! தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணிக்குச் சுமார் 47 சதவீத ஓட்டு, 39-க்கு 39 சீட். 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு முட்டை. 8 சதவீதம் வாங்கிய நாம் தமிழருக்கும் அதே முட்டை. இது பேலன்ஸ் ஷீட்டாக இருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

காரணம் ரொம்ப சிம்பிள். நாடு முழுக்க நடப்பது ஒரே பரீட்சை இல்லை, 543 தனித்தனி பரீட்சை. ஒவ்வொன்றிலும் பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாது. வகுப்பில் முதல் மார்க் வாங்கியவன் மட்டும் பாஸ். அவன் 35 வாங்கினாலும் சரி, 95 வாங்கினாலும் சரி. இரண்டாவது வந்தவன் 34 வாங்கியிருந்தாலும் ஃபெயில்தான்.

"ஆக, தோத்தவருக்குப் போட்ட ஓட்டும் வேஸ்ட், லட்சக்கணக்குல ஜெயிச்சவருக்குப் போட்ட ஓட்டும் உபரி. நம்ம ஒரு ஓட்டால என்ன ஆகப் போகுது?" என்று டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்துப் பேசினேன். நாலு பேர் தலையாட்டினார்கள். டீக்காசைக்கூட ஒருத்தர் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு சத்தமாக நான் பேசியதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை.

என் பெயர் இருப்பது சாத்தூர் வாக்காளர் பட்டியலில். ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. கூடவே சனி, ஞாயிறு. பஸ்ஸில் கூட்டம் இருக்கும், வெயில் கொளுத்தும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு சென்னையில் ஃபேனுக்குக் கீழே படுத்துத் தூங்கினேன். அப்பாவிடம் போனில், "ஆபீஸ்ல லீவு கிடைக்கலப்பா" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

அப்பா ரிட்டயர்ட் அரசாங்க கிளார்க். எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடி டியூட்டி பார்த்தவர். 1977-ல் முதல் ஓட்டு. அப்போதெல்லாம் 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்குக்கூடச் சொன்னது கிடையாது. முடிவு வரும் அன்று அவர் முகத்தைப் பார்த்து அம்மாவே கண்டுபிடித்துக்கொள்வாள். அம்மா கணக்குப்படி அவர் போட்ட ஆள் ஜெயித்தது மொத்தமே இரண்டு தடவை!

சாத்தூர் இருப்பது விருதுநகர் தொகுதியில். அன்றைக்குத் தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகள் கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட நேரத்திலும் அங்கே மட்டும் இழுபறி. கடைசியில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனை வெறும் 4,379 ஓட்டில் ஜெயித்தார். பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தொகுதியில்! டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "சார், உங்க ஊர்தானே?"

நான் டீயைப் பார்த்தேன்.

ராத்திரி அப்பா போன் செய்தார். முந்திக்கொண்டு நான் என் சதவீதக் கணக்கை ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"உன் கணக்கு சரிதான்டா. ஜெயிச்சவருக்கு விழுந்ததைவிட, மத்தவங்களுக்கு விழுந்ததைக் கூட்டினா ஜாஸ்தி. இந்த முறையில அந்தக் குறை இருக்கத்தான் செய்யுது. அதுக்காக, ஜெயிக்கிறவனுக்கே பார்த்துப் போட இது என்ன குதிரைப் பந்தயமா?"

"இருந்தாலும் உங்க ஓட்டு எத்தனை தடவை வேஸ்ட் ஆகியிருக்கு!"

"யாருடா சொன்னா வேஸ்ட்னு? தோத்தவனுக்கு விழுந்த ஓட்டையும் எண்ணித்தானே எழுதறாங்க? கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சவன் அஞ்சு வருஷமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டேதான் நடப்பான். அவனைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது யாரு? என்னை மாதிரி தோத்த ஆளுங்கதான். படுத்துத் தூங்கினவன் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தூங்கினேன்னு..."

"ஓட்டுப்பதிவு அன்னிக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி. டியூட்டி பார்த்தவன்கிட்டயே லீவு இல்லைங்கறியே!"

ஏப்ரல் 19-லிருந்து ஜூன் 4 வரை, ஒன்றரை மாதம், மனுஷர் இதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

அசடு வழிந்துகொண்டே, "இல்லப்பா, பேசாம பேரை மெட்ராஸுக்கு மாத்திடலாம்னு பார்க்கறேன்" என்றேன்.

"மாத்திடு. எட்டாம் நம்பர் படிவம். குடியிருக்கற எடத்துல பேர் இருக்கறதுதான் முறை." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன, நீ ஊருக்கு வர்றதுக்கு அது ஒரு சாக்கா இருந்துச்சு. உங்கம்மா அன்னிக்கு உனக்கும் சேர்த்துத்தான் உலை வெச்சா."

போனை வைத்த பிறகு வெகு நேரம் கால்குலேட்டரைத் தொடவே தோன்றவில்லை. 4,379-ல் என் ஓட்டு ஒன்றும் புரட்டியிருக்காதுதான். ஆனால் சாத்தூரில் ஒரு வீட்டில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நான் டெபாசிட் இழந்திருந்தேன்.

மறுநாளே எட்டாம் நம்பர் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். கையோடு சாத்தூருக்கு ஒரு டிக்கெட்டும் எடுத்தேன், எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமைக்கு!