ஜன்னல் கம்பியின் பச்சை

குழந்தைக்கென்று ஒதுக்கியது நாகர்கோவிலில் எங்கள் பூர்வீக வீட்டின் தெற்கு அறை. தாத்தா காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த இடம். மனைவி ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போன பிறகுதான் கை வைத்தோம். சுவர் பழைய சுண்ணாம்பு, அதில் சிரமம் இல்லை. ஜன்னல்தான் மசியவில்லை. மேலே கரும்பச்சை எனாமல், அதற்கடியில் மஞ்சள், கம்பியை ஒட்டி ஆரஞ்சு கலந்த சிவப்பு.

பெயின்டர் அண்ணன் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "காரீயம் போட்ட பழைய பெயின்ட் தம்பி, அதான் இத்தன வருஷம் நிக்குது" என்றார். மெச்சித்தான் சொன்னார். கையில் உப்புத்தாள் தயாராக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். அந்தக் காரீயம் அங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த ஜன்னலடியில் தொட்டில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

தேடப் போனால் கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தியோஃபிராஸ்டஸ் எழுதி வைத்திருக்கிறார்: காரீயத்தைப் புளித்த காடிக்கு மேலே வைத்தால் அதில் வெள்ளையாக ஒன்று படரும், அதைச் சுரண்டி எடுக்கலாம் என்று. டச்சுக்காரர்கள் அதைப் பெருந்தொழிலாக்கினார்கள். மண்கலயத்தில் காடி, அதன்மேல் காரீயத் தகடு. கலயங்களை வரிசையாக அடுக்கிச் சுற்றிலும் குதிரைச் சாணம். சாணத்தின் சூடும் அதிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவும் சில மாதங்களில் தகட்டை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஆளிவிதை எண்ணெயோடு அது சேர்ந்தால் இறுகிப் பிடிக்கும். வெயிலும் மழையும் எளிதில் அசைக்காது. மஞ்சளுக்குக் காரீயக் குரோமேட் வந்தது. அதோடு பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் பச்சை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சாகச் செவ்வீயம். எங்கள் ஜன்னலின் மூன்று நிறங்களுக்கும் காரீயத்தில் உறவு இருப்பது அப்போதுதான் விளங்கியது.

தீங்கு எப்போது தெரிந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1890களில் குழந்தைகளுக்குக் கை மணிக்கட்டு தொங்கிப்போவதையும் பார்வை மங்குவதையும் மருத்துவர்கள் கவனித்தார்கள். காரீய நஞ்சு என்று கண்டார்கள். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. 1904இல் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் வீட்டுத் திண்ணையின் கைப்பிடிக் கம்பிகளைக் காட்டினார். வெயிலில் பெயின்ட் மாவாகிறது, பிள்ளைகள் கம்பியைப் பிடிக்கிறார்கள், அதே விரலை வாயில் வைக்கிறார்கள். கொளுத்தும் வெயில், ஈரக்காற்று, கம்பி வைத்த திண்ணை. படிக்கும்போது எனக்கு வேறொரு நாட்டைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றவில்லை.

1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீயப் பூச்சைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டுக்குத் தடை விதித்தது 1978இல். இந்தியாவில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. கிப்சன் கம்பியைச் சுட்டிக்காட்டி நூறாண்டு தாண்டியிருந்தது. அந்த விதியும் புதிதாகத் தயாரித்து விற்கும் டப்பாக்களுக்குத்தான். ஏற்கெனவே ஜன்னலில் ஒட்டியிருப்பதை அது தொடாது. இத்தனை தலைமுறைப் பிள்ளைகள் பிடித்து நின்ற கம்பிகளை நினைக்கையில் கோபம் வருகிறது.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதைப் பல மடங்கு உறிஞ்சுகிறது. கர்ப்பிணியின் உடலில் போனால் நஞ்சுக்கொடி தடுக்காது. முன்பே எலும்பில் தங்கியிருப்பதுகூடக் கர்ப்ப காலத்தில் சுண்ணாம்புச் சத்தோடு கரைந்து ரத்தத்துக்கு வரும்.

தேடலில் எதிர்பாராமல் எங்கள் மாவட்டமும் வந்தது. காரீய வெள்ளைக்கு மாற்றாக வந்தது டைட்டானியம் வெள்ளை. இன்றைய பெயின்டுகளின் வெண்மை பெரும்பாலும் அதுதான். அதன் மூலப்பொருள் இல்மனைட் என்ற கருமணல். இங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது கிடக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையின் கனிம மணலை அடையாளம் கண்டார். 1920களில் திருவிதாங்கூரிலிருந்து இல்மனைட் கப்பலேறியது. அந்த மணலை அள்ளுவது குறித்துக் கரையோர மக்களுக்கு நியாயமான வழக்கு உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் மாற்று வந்தது வெள்ளைக்கு மட்டும். மஞ்சள், பச்சை, சிவப்பு எனாமல்களில் காரீயம் அதன் பிறகும் வெகுகாலம் நீடித்தது.

ஜன்னலைச் சுரண்டவே இல்லை. உலர்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். தீயில் வாட்டினால் புகையாகும். தண்ணீர் தெளித்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, சட்டத்தோடு பெயர்த்து எடுத்தோம். சிலாம்புகளை நனைத்துப் பையில் கட்டினோம். நல்ல தேக்கு என்று பழைய மரக்கடைக்காரர் விலை பேசினார். கொடுக்கவில்லை. இன்னொரு வீட்டுக் கட்டிலாகிவிடும்.

அன்று இரவுதான் பொறி தட்டியது. பிள்ளை முதல் மூன்று மாதம் இருக்கப்போவது இந்த அறையில் இல்லையே! மனைவியின் தாய்வீடு இருக்கும் சுசீந்திரத்துக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அவ படுக்கிற ரூம் ஜன்னல்ல பெயின்ட் உரியுதா?"

"உரியாம இருக்குமா மக்கா? உங்க மாமா சின்னப் பிள்ளையா இருந்தப்ப அடிச்சது."

விவரம் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். மனைவியை மறுநாளே அவள் சித்தி வீட்டுக்கு அனுப்புவது, யாரும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, பெயின்டர் அண்ணனோடு நான் வந்து அந்த ஜன்னலையும் பெயர்ப்பது என்று முடிவாயிற்று. போனை வைப்பதற்கு முன் அத்தை கேட்டார்: "அங்கன்வாடி ஜன்னலும் இதே பச்சதான். அதுக்கு யார்ட்ட மக்கா சொல்லணும்?"