கண்டியில் ஒரு பொங்கலும் ஒரு சட்டி கிழங்குக் கறியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் செல்வோர் ரம்புக்கனையைத் தாண்டியதும் சன்னலோரத்துக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். அங்கிருந்துதான் மலையேற்றம் ஆரம்பமாகிறது. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் படிப்படியாய் இறங்கும் வயல்கள். தூரத்திலே நீலம் பூத்து நிற்கும் பத்தலேகலைக் குன்று. 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய இப்பாதையில் எத்தனை முறை சென்றாலும் அலுப்பதில்லை. 2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள் நாமும் குடும்ப சமேதராய் அவ்வழியே சென்றோம். ஆனால் இயற்கைக் காட்சியை அனுபவிக்க முடியாதபடி எமது மடியை ஒரு பெரிய அட்டைப் பெட்டி அடைத்துக் கொண்டிருந்தது.

பெட்டிக்குள் இருந்தது ‘ஸ்லோ குக்கர்’ எனப்படும் மின்சட்டி. கனடாவில் வாழும் மருமகள் அனுப்பிய பரிசு. இரவில் பண்டங்களை இட்டு மூடிவிட்டால் விடியற்காலை கறி ஆயத்தமாகிவிடும் என்பது அதன் பெருமை. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பார் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யூதக் குடும்பங்களில் ஓய்வுநாளன்று அடுப்பு மூட்டலாகாது. ஆதலால் முதல்நாள் மாலையே பானையை வெதுப்பகத்துச் சூளையில் வைத்துவிடுவார்களாம். தம் தாயார் சொன்ன அந்தக் கதையே அவருக்கு யோசனை தந்ததாகக் கூறுவர். எம் நாட்டுத் தணல் அடுப்புக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

எமது அத்தையின் வீடு ஹந்தானை மலைச்சரிவில் இருக்கிறது. வாசலில் நின்றால் கீழே கண்டி வாவியின் ஒரு துண்டு தெரியும். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த அந்நீர்நிலையின் கரையில் தலதா மாளிகையின் கூரை மாலை வெயிலிற் பொன்னாய் மின்னும். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த நால்வர் 1739 முதல் 1815 வரை இங்கே அரசு செலுத்தினர் என்பதை மாணவர் அறிவர்.

அவ்வருடப் பொங்கல் எமது குடும்பத்துக்குச் சாதாரணப் பொங்கலன்று. சித்தப்பா வந்திருந்தார். ஐம்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின்!

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதியை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். கணக்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரே லயத்துக் காம்பராவில் வளர்ந்த அக்காள் இலங்கைப் பிரசையாகவும் தம்பி இந்தியப் பிரசையாகவும் பிரிந்த வீடுகள் எண்ணிலடங்கா. சித்தப்பா 1973 தை மாதத்தில் தலைமன்னார் சென்று கப்பலேறினார். மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டழைத்த புகையிரதத்தில்தான் அந்தப் பிரயாணம். இராமேஸ்வரத்தில் இறங்கி, பின்பு நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்கமர்ந்தார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள் அங்கே உள. பின்னர் யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, கடிதங்கள் மட்டும் போய்வந்தன.

வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அக்கா, அம்மா வைக்கிற கெழங்குக் கறி. நான் பொறப்பட்ட அன்னிக்கு ரொட்டியோட எலயில கட்டிக் குடுத்தாங்களே, அது.”

நீலகிரியில் உருளைக்கிழங்குக்குப் பஞ்சமா? கலெக்டர் ஜோன் சலிவன் காலமுதல் அங்கே அது விளைகிறது. இலங்கையிலும் ஏறக்குறைய அதே கதைதான். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் துரை தம் பண்ணையில் அதைப் பயிரிட்டார். தென் அமெரிக்க அந்தீஸ் மலைவாசிகளின் உணவு இவ்விரு மலைகளுக்கும் வெள்ளைக்காரர் கைவழியே வந்து சேர்ந்தது. ஆயினும் சித்தப்பா கேட்டது கிழங்கையன்று என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

இருபது பேர் உண்ண வேண்டும். அடுப்போ இரண்டு. 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாட்டால் நாடே தவித்தபோது அத்தை மீண்டும் கட்டிய விறகடுப்பு ஒன்று. வாயு அடுப்பு மற்றொன்று. பொங்கல், சாம்பார், பாயசம் எல்லாம் அவற்றிலேதான் ஆகவேண்டும். எனவே கிழங்குக் கறியை மின்சட்டி ஏற்கட்டும் என நாமே முன்வந்தோம். கண்டி மத்திய சந்தையில் மூன்று கிலோ நுவரெலியாக் கிழங்கு வாங்கினோம். “மண்ணு பூசி ஏமாத்துவாங்க தம்பி, தேச்சுப் பாத்து வாங்குங்க” என்று அத்தை எச்சரித்திருந்தார். அவ்வளவில் ஏமாறவில்லை.

ஏமாந்தது வேறிடத்தில். இரவு பத்து மணிக்குக் கிழங்கு, வெங்காயம், உள்ளி, கறித்தூள், தேங்காயின் இரண்டாம் பால் யாவற்றையும் சட்டியிலிட்டோம். சுவைக்காகத் தக்காளியும், கைநிறையப் புளிக்கரைசலும் சேர்த்தோம். அத்தை மூடியைத் தொட்டுப் பார்த்தார். “என்னா தம்பி, இதுக்குள்ள நெருப்பே இல்லையே!” நாம் விஞ்ஞானம் பேசி அவரை உறங்க அனுப்பினோம்.

அதிகாலை ஐந்து மணிக்குக் கரண்டியாற் குத்தினால் கிழங்கு கல்லைப்போல் இருந்தது. ஏழு மணி நேரம்! வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தை வந்து ஒரு சொட்டு நாவில் வைத்தார். “புளியில கெழங்கு வேகுமா?” என்றார். அவ்வளவே.

காரணத்தைப் பின்னர் நிதானமாய் யோசித்தோம். கிழங்கின் உயிரணுச் சுவர்களைப் பசைபோல் ஒட்டிவைப்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்றாகும். புளிப்பு அதைக் கரையவொட்டாது தடுக்கிறது. மேலும் மின்சட்டி மிக மெதுவாகச் சூடேறுவதால், 55 முதல் 70 பாகை வரையான சூட்டிலே கிழங்கு நெடுநேரம் கிடக்கிறது. அச்சூட்டில் கிழங்கிலுள்ள நொதியொன்று பெக்டினை இன்னும் இறுக்கிவிடுகிறது. மலைநாட்டில் வேறொரு சங்கடமும் உண்டு. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்துக் கண்டியில் நீர் 98 பாகைச் சூட்டிலே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் சுமார் 94 பாகையே. தோட்டத்து அம்மாக்கள் கிழங்கையும் பருப்பையும் இரவு முழுதும் தணலில் விட்டதற்கு விறகுச் சிக்கனம் மட்டும் காரணமன்று போலும். வேதியியலைக் கல்லூரியிற் படித்த நாம் அன்றிரவு அதை மறந்திருந்தோம்!

அத்தை புளிச்சாற்றை வடித்து, கிழங்கை வெந்நீரில் அலசி, மண்சட்டியிலிட்டுப் புதிய இரண்டாம் பால் ஊற்றி, விறகடுப்பின் ஓரத்துத் தணலில் ஏற்றினார். மூடியின் மேலும் நாலு தணலை அள்ளி வைத்தார். பதினொரு மணிக்கு மேல் முதற்பால் விட்டு, தாளிதம் கொட்டி இறக்கியபோது மணம் அயல்வீடுவரை சென்றது. வாழையிலையில் அதைப் பரிமாறுகையில் எல்லோரும் சித்தப்பாவின் முகத்தையே நோக்கினோம்.

அவர் இரண்டு கவளம் உண்டார். “நல்லாத்தான் இருக்கு அக்கா” என்றார். பிறகு மெதுவாக, “ஆனா அது இல்ல.”

அத்தை அன்று மாலை வரை எவருடனும் சரியாய்ப் பேசவில்லை. கைப்பக்குவம் கெட்டுவிட்டதோ என்று எம்மிடம் ஒருமுறை கேட்டார். கேட்டவர்க்கு எண்பது வயது. பதினைந்து வயது முதல் அடுப்படியில் நின்றவர். என்ன விடை சொல்வது?

விடையை அவரே மறுநாட் காலை கண்டார். வாவிக்கரை நிழற்சாலையில் அக்காளும் தம்பியும் முன்னே நடக்க, நாம் பின்னே சென்றோம். திடீரென்று அத்தை நின்றார். “தம்பி, அன்னிக்கு அம்மா தலப்பால் ஊத்தல. ரெண்டு நாள் பயணம், கெட்டுப் போயிரும்னு ஊத்தல. தண்ணி சுண்டற வரைக்கும் பிரட்டித்தான் கட்டினாங்க.” வீட்டில் வழக்கமாய் ஆக்கிய கறி வேறு, வழிக்குக் கட்டிய கறி வேறு. ஐம்பத்தொரு ஆண்டுகளாய்ச் சித்தப்பாவின் நாவில் நின்றது பின்னதுதான்.

அன்றிரவு மின்சட்டிக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பளிக்க அத்தையே சம்மதித்தார். இம்முறை அவர் சொன்னபடி செய்தோம். வாசகிகளும் செய்து பார்க்கலாம். மூன்று கிலோ கிழங்கை ஒரே அளவாய் நான்காக வெட்டி அடியிலே பரப்புக. நறுக்கிய வெங்காயம் அரைக்கிலோ, உள்ளி இரண்டு பூடு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா, மஞ்சள், வறுத்த கறித்தூள் நான்கு மேசைக்கரண்டி, உப்பு. இரண்டு தேங்காயின் இரண்டாம் பாலைத் தனியே நன்கு கொதிக்கவைத்து, கொதியோடு ஊற்றுக. ஆறிய பால் ஆகாது. கிழங்கு பாலுக்கு மேலே தலைநீட்டினால் கறுத்துப்போகும். புளிப்பு எதுவும் கிட்ட வரலாகாது. குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். காலையில் அகன்ற சட்டிக்கு மாற்றி, பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் தாளித்து, ஈரம் சுண்டி எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும்வரை பிரட்டுக. எலுமிச்சம் புளி வேண்டுவோர் இறக்கிய பின் விடலாம். விருந்துக்காயின் பிரட்டுவதற்குப் பதில் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்குவது மேல்.

சித்தப்பா சட்டியருகே வந்து நின்றபடியே ஒரு துண்டைக் கையில் எடுத்து உண்டார். இன்னொன்று எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை, வாழையிலையைத் தணலிலே வாட்டத் தொடங்கினார்.

அன்று மாலை அவருக்கு விமானம். ரொட்டியும் கறியும் கொண்ட பொதியை நூலாற் கட்டிப் பையின் மேலே வைத்தார்கள். விமான நிலையத்தில் இதைக் கொண்டுபோக விடுவார்களா என்று எமது மகன் கேட்டான். எவரும் அவனுக்குப் பதிலளிக்கவில்லை.